கம்பத்தில் எங்கள் பெயர்

காவல்துறையிலிருந்து பேச வருகிறார்கள் என்றதும் எங்கள் மன்றத்தில் எல்லோரும் ஒரு மீசையை எதிர்பார்த்தோம். தலைவர் அதற்காகவே கைப்பிடி வைத்த பெரிய நாற்காலி ஒன்றைத் தன் பல் மருத்துவமனையிலிருந்து வரவழைத்திருந்தார். வந்தவரோ ஒல்லியான ஒரு பெண். ஸ்கூட்டரைத் தானே நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி மாடி ஏறி வந்தார். குரல் அவரைவிட ஒல்லி. அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோது கால் தரையைத் தொடவில்லை. ஆள் கிடைக்காமல் யாரையோ அனுப்பிவிட்டார்கள் என்று எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. சொல்லிவிடுகிறேன், எனக்கு முன்கோபம் அதிகம். ஆளைப் பார்த்ததுமே எடை போட்டுவிடும் புத்தி அதைவிட அதிகம்.

நான் பெயிண்ட் கடைக்காரன். மன்றத்தின் செயலாளர். எந்த வேலையை எடுத்தாலும் முதலில் பிரைமர் அடிக்க வேண்டும் என்று சொல்லிச் சொல்லி, மன்றத்தில் என் பெயரே பிரைமர் ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அச்சகத்தின் மேல்மாடியில் இருபத்திரண்டு பேர் கூடுவோம். ரத்த தானம், கண் பரிசோதனை, மரக்கன்று என்று வருஷம் முழுக்க ஏதாவது நடந்துகொண்டிருக்கும். எதைச் செய்தாலும் அதில் எங்கள் பெயரை எழுதாமல் விடமாட்டோம். பூங்கா பெஞ்சில் சாய்ந்தால் முதுகில் எங்கள் பெயர் பதிந்துவிடும் என்று ஊரில் கிண்டல் உண்டு. போன மாதம்தான், ஏரியை ஒட்டி ஒன்பது கிலோமீட்டர் ஓடும் புறவழிச் சாலையில் விளக்குக் கம்பங்கள் அத்தனைக்கும் வெள்ளையும் நீலமுமாகப் பூசி, ஒவ்வொன்றிலும் மன்றத்தின் பெயரை எழுதி முடித்திருந்தோம். துருவையும் கிழிந்த நோட்டீஸ்களையும் பழைய கிறுக்கல்களையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தெடுத்தது நானே முன்னின்று செய்த வேலை. அதைப் புகைப்படம் எடுத்து, கதவளவுக்குப் பெரிதாக்கி, சுவரில் மாட்டியிருந்தோம்.

வந்த அதிகாரி காவல்துறைக் கட்டுப்பாட்டு அறையில் அவசர அழைப்புகளை எடுப்பவராம். பதினாலு வருஷமாக அதே நாற்காலி, அதே ஹெட்போன். தலைவரின் வரவேற்புரை, துணைத் தலைவரின் வாழ்த்துரை, என்னுடைய அறிமுகவுரை என்று மூன்று பேர் பேசி முடிப்பதற்குள் முக்கால் மணி நேரம் போய்விட்டது. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு எழுந்தார்.

"யார் கூப்பிட்டாலும் நாங்க முதல்ல என்ன ஆச்சுன்னு கேக்க மாட்டோம். எங்க இருக்கீங்கன்னுதான் கேப்போம். என்ன ஆச்சுன்னு தெரியாட்டாலும் வண்டி அனுப்பலாம். எங்கன்னு தெரியாட்டா அனுப்ப முடியாது."

சொல்லிவிட்டு, இந்தக் கட்டடத்தின் கதவு எண் என்ன என்று கேட்டார். பதினோரு வருஷமாக அதே மாடியில் கூடுகிறோம். இருபத்திரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். எங்கள் லெட்டர்பேடில் முகவரி இருக்கிறதே என்று நான் சொன்னேன். தீப்பிடித்தால் லெட்டர்பேடைத் தேடிக்கொண்டிருப்பீர்களா என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. சிரித்துவிட்டு அதோடு விட்டுவிட்டார்.

அடுத்து ஒரு பயிற்சி. யாராவது இரண்டு பேர் பக்கத்துத் தெருவுக்குப் போய் நின்றுகொண்டு, தெரியாத ஊரில் மாட்டிக்கொண்டவர்களைப்போல் அவருக்குப் போன் செய்ய வேண்டும். அவர் கேட்கும் கேள்விகளை மற்றவர்கள் இங்கே உட்கார்ந்து கேட்க வேண்டும். அவ்வளவுதான் அவர் சொன்னது.

அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் என் மச்சான் எழுந்து நின்றுவிட்டான். என் மனைவியின் அண்ணன். மைக் செட் வாடகைக்கு விடுகிறவன், அதனால் மன்றத்தில் அவன் பெயர் மைக். எந்தக் கூட்டத்திலும் ஒலிபெருக்கி அவனுடையது, அதில் கேட்கும் குரலும் பெரும்பாலும் அவனுடையதுதான். மன்றத்து நாடகங்களில் சாகிற பாத்திரம் எப்போதும் அவனுக்கே. சாவதற்குக் கால் மணி நேரம் எடுத்துக்கொள்வான். "நான் மாரடைப்புல விழுறேன், தங்கச்சி போன் பண்ணட்டும்" என்று என் மனைவியையும் கையைப் பிடித்து எழுப்பிவிட்டான். அவள் கணக்கு டீச்சர், நடிப்பு வராது. அண்ணன் சொன்னால் தட்டவும் தெரியாது.

இதோடு விட்டிருந்தால் ஒன்றுமில்லை. பக்கத்துத் தெரு என்பது தலைவருக்கு ரொம்பச் சின்னதாகப் பட்டது. என்னிடம் குனிந்து, இன்னும் கொஞ்சம் தத்ரூபமாகச் செய்யலாமா என்று கேட்டார். எனக்கும் ஒரு ஆசை. "புறவழிச் சாலைக்கே கூட்டிட்டுப் போங்க சார், அப்படியே நம்ம கம்பத்தப் பத்தியும் பேச்சு வரும்" என்று அவர் காதில் ஓதியது நான்தான். அதிகாரிக்கு இது தெரியாது. தலைவர் இருவரையும் தன் காரில் ஏற்றிக்கொண்டு போனார்.

முக்கால் மணி நேரம் கழித்து, காரை நிறுத்திவிட்டு மூச்சிரைக்க மாடியேறி வந்தார். முகமெல்லாம் பூரிப்பு. அவர்களுக்கு இடம் பிடிபடக் கூடாதென்று ஏரிச் சாலையில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக மூன்று முறை திருப்பித் திருப்பி ஓட்டினாராம். மேப்பைப் பார்த்து ஏமாற்றிவிடக் கூடாதென்று மைக்கின் போனையும் வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். என் மனைவியிடம் இருந்தது ஒரு பழைய பட்டன் போன். பேசத்தான் முடியும். ஏரிச் சாலை வரைக்கும் போய்விட்டார்கள் என்று கேட்டதும் அதிகாரியின் முகம் கொஞ்சம் மாறியது. "அவ்வளவு தூரம் வேண்டாமே" என்று மட்டும் சொன்னார்.

அப்போதே போன் அடித்தது. அவர் தன் கைப்பேசியை ஸ்பீக்கரில் போட்டு, மச்சானின் மைக்குக்கு முன்னால் வைத்தார். அறையின் நான்கு மூலைகளிலிருந்தும் என் மனைவியின் குரல் வந்தது.

"ஹலோ. ஏரி ரோட்லருந்து பேசுறேன். அண்ணன் பேசல."

அறையே சிரித்தது. மைக் பேசவில்லையாம். இதைவிடப் பெரிய அவசரம் வேறு என்ன இருக்க முடியும் என்று யாரோ சொல்ல, நானும்தான் சிரித்தேன். அதை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

அதிகாரி கையை உயர்த்தினார்.

"சிரிக்காதீங்க. இது நடிப்பு இல்ல."

எப்படிக் கண்டுபிடித்தார் என்று பிறகு கேட்டேன். நடிக்கிறவர்கள் கத்துவார்களாம். நிஜமாகவே பயந்தவர்களின் குரல் ஏறாதாம், தட்டையாகிவிடுமாம். பதினெட்டு வருஷமாக அவளோடு குடும்பம் நடத்துகிற எனக்குத் தெரியவில்லை. அன்று காலையில்தான் அவளை முதல்முறையாகப் பார்த்தவருக்கு, ஆறே சொல்லில் தெரிந்துவிட்டது.

நடந்தது இதுதான். மச்சான் நடிப்பை ஆரம்பிக்கக் கம்பத்தடியில் விழுந்திருக்கிறான். சும்மா விழுவானா? காலை உதறியிருக்கிறான். ஷூ பட்டு, கம்பத்தின் அடியில் வயர் போகிற பெட்டியின் மூடி திறந்துகொண்டது. உள்ளே குளவிக் கூடு. எத்தனை கொட்டியது என்று எண்ண முடியாது. என் மனைவி அவனை இழுத்துக்கொண்டு சாலையைவிட்டு இறங்கி, ஏரிக்கரைச் சரிவில் புதர்களுக்குப் பின்னால் போய்விட்டாள். குளவிகள் போய்விட்டன, ஆனால் அவனுக்கு உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, மூச்சு இழுக்கிறது. நடுவில் ஒரு தடவை மேலேறி வந்து கையைக் காட்டியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைக் காலி ரோட்டில் பறக்கிற எந்த லாரிக்காரன் நிற்பான்?

இத்தனையையும் அதிகாரி அவளிடமிருந்து ஒரு நிமிஷத்துக்குள் வாங்கிவிட்டார். பேசிக்கொண்டே கைப்பையிலிருந்து வயர்லெஸ்ஸை எடுத்து, ஆம்புலன்ஸும் சாலையின் இரண்டு முனைகளிலிருந்தும் முனைக்கொரு ரோந்து வண்டியும் கிளம்பும்படி சொல்லிவிட்டார். அவனைப் படுக்கப் போடாமல் உட்காரவைத்துச் சாய்த்துப் பிடிக்கச் சொன்னார். பிறகு கேட்டார்.

"மேல ஏறிப் பாருங்கம்மா. விளக்குக் கம்பம் ஒவ்வொண்ணுலயும் ஒரு நம்பர் இருக்கும். அத மட்டும் படிங்க, போதும்."

காலடிச் சத்தம். சரளைக்கல் சரிகிற சத்தம்.

"நம்பர் இல்ல மேடம். எங்க பேருதான் இருக்கு."

"அடுத்த கம்பத்துல?"

"அதுலயும் எங்க பேருதான் இருக்கு."

அதிகாரி தலை நிமிர்ந்து சுவரிலிருந்த படத்தைப் பார்த்தார். வெள்ளையும் நீலமுமாக, ஒரே மாதிரியாக, கண்ணுக்கு எட்டிய தூரம் வரைக்கும் கம்பங்கள். நான் கிறுக்கல் என்று நினைத்துத் தேய்த்தெடுத்த கறுப்பு எண்கள் ஒவ்வொன்றாக என் கண்முன் வந்தன. எழுந்து நின்று, "நான்தான் மேடம் அழிச்சேன்" என்றேன். அவர் திட்டவில்லை. "சரி, உக்காருங்க" என்றார். தலைவரிடம், அவர்களை எங்கே இறக்கிவிட்டீர்கள் என்று கேட்டார். அவர் வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். அவர்களைக் குழப்புவதற்காக வண்டியைத் திருப்பித் திருப்பி ஓட்டியதில் அவரே குழம்பிப்போயிருந்தார். ஒரு வளைவு இருந்ததாம். அந்தச் சாலையில் பதினாறு வளைவுகள்.

நான் பைக் சாவியை எடுத்தேன். "எங்க போவீங்க?" என்றார் அதிகாரி, என்னைத் திரும்பிப் பார்க்காமலே. சாவியோடு அப்படியே நின்றேன்.

"அம்மா, இப்ப நீங்க ஒரே ஒரு வேல செய்யணும்" என்றார் போனில். "போன அவர் பக்கத்துல கீழ வைங்க. ரெண்டு கையாலயும் அவரப் பிடிச்சுக்குங்க. அவர் ஒவ்வொரு தடவ மூச்சு இழுக்கும்போதும் எனக்குக் கேக்குற மாதிரி ம் சொல்லுங்க. வேற எதுவும் சொல்ல வேண்டாம்."

"ம்" என்றாள் என் மனைவி.

கொஞ்சம் இடைவெளி. மறுபடியும், "ம்."

அதன்பிறகு அந்த அறையில் நடந்ததை எப்படிச் சொல்வதென்று எனக்கு இன்னும் சரியாகத் தெரியவில்லை. இருபது பேர் உட்கார்ந்திருக்கிறோம். நாற்காலி கிரீச்சிடவில்லை. ஒருவரும் இருமவில்லை. மூன்று பேர் பேசி முக்கால் மணி நேரம் கடத்திய அதே அறை. மச்சானின் சொந்த ஒலிபெருக்கியில், அவன் இழுக்கிற ஒவ்வொரு மூச்சும் அவன் தங்கச்சியின் வாய் வழியாக எங்களுக்கு வந்துகொண்டிருந்தது. ம். காத்திருந்தோம். ம். அடுத்தது வருமா? ம். என் வாழ்நாளில் ஒரு மனிதன் மூச்சு விடுவதை அப்படிக் கேட்டதே இல்லை. அவன் தூங்கும்போது விடுகிற குறட்டைக்காக அவனை வேறு அறைக்குத் துரத்தியவன் நான்.

அதிகாரி கண்ணை மூடிக்கொண்டார். வயர்லெஸ்ஸில், வடக்கு முனை வண்டியை மட்டும் சைரன் போட்டுக்கொண்டு மெதுவாக வரச் சொன்னார். தெற்கு வண்டி சத்தமில்லாமல் நிற்க வேண்டும். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் தலையைச் சாய்த்து, காதை ஸ்பீக்கருக்கு அருகே வைத்துக்கொண்டார். அப்போதுதான் புரிந்தது. என் மனைவியின் போனில் சைரன் கேட்கிறதா என்று கவனிக்கிறார். இரண்டு ம்-களுக்கு நடுவில் இருக்கிற அந்த இடைவெளியில், ஏரிக்காற்றின் இரைச்சலுக்கு அடியில், எங்கோ வருகிற ஒரு வண்டியின் சத்தத்தைத் தேடுகிறார்.

"வடக்கு நிறுத்துங்க. தெற்கு போடுங்க."

ம். ஒன்றுமில்லை. ம். காற்று.

"தெற்கு வந்துட்டே இருங்க. நிறுத்தாதீங்க."

எனக்கு எதுவும் கேட்கவில்லை. யாருக்குமே கேட்கவில்லை. அவர் விரல் மட்டும் மேசைமேல் மெல்ல அசைய ஆரம்பித்தது. "இருக்கு" என்றார், தனக்குத்தானே. இரண்டு மூச்சு கழித்துத்தான் எங்களுக்கும் கேட்டது, கொசு ரீங்காரம் மாதிரி, மிகச் சன்னமாக.

ஆனால் ம்-களுக்கு நடுவில் இடைவெளி நீண்டுகொண்டிருந்தது. அதுவும் எல்லோருக்கும் கேட்டது.

சைரன் வளர்ந்தது. வளர்ந்து வளர்ந்து ஒலிபெருக்கியை நிறைத்தது. பிறகு குறைய ஆரம்பித்தது. வண்டி அவர்களைக் கடந்து போய்க்கொண்டிருக்கிறது. புதருக்குப் பின்னால் சரிவில் இருப்பவர்களை ரோட்டிலிருந்து பார்க்க முடியாது. நான் கத்திவிட்டேன் என்று நினைக்கிறேன். அதிகாரியின் குரல் மட்டும் எப்போதும்போல் ஒல்லியாகவே இருந்தது.

"தெற்கு, நில்லுங்க. தாண்டிட்டீங்க. சைரன நிறுத்திட்டு அம்பது அடி பின்னால வாங்க. ஏரிப் பக்கம் இறங்குங்க."

சைரன் நின்றது. ம் வரவில்லை. நான் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. தலைவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். ஏழு, எட்டு. அதிகாரி அசையவில்லை.

"ம்" என்றது ஒலிபெருக்கி. அதற்குப் பின்னால் சரளையில் பூட்ஸ் சறுக்கி இறங்குகிற சத்தமும், "இங்கதான், இங்கதான்" என்று ஒரு ஆண் குரலும் கேட்டன. இரண்டு நிமிஷத்தில் ஆம்புலன்ஸும் வந்துவிட்டது. தொடையில் ஊசி போட்டார்கள் என்று வயர்லெஸ்ஸில் செய்தி வந்தது. மூச்சு இருக்கிறது, வண்டியில் ஏற்றிவிட்டோம் என்றார்கள். போன் அடித்ததிலிருந்து அதுவரை பதினோரு நிமிஷம். அதிகாரி கண்ணைத் திறந்து, "நீங்க ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று என்னிடம் சொன்னார். தண்ணீர் கேட்டு ஒரு டம்ளர் குடித்தார். பன்னிரண்டு மணிக்கு அவருக்குப் பணியாம். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் போய்விட்டார். நன்றியுரை சொல்ல வேண்டியவர் வாயைத் திறக்கவே இல்லை. அதிகாரிக்காக வாங்கி வைத்திருந்த நினைவுப் பரிசு மேசையிலேயே கிடந்தது.

மச்சான் பிழைத்துக்கொண்டான். முதல் நாள் அவன் முகத்தைப் பார்த்து எனக்கே அடையாளம் தெரியவில்லை. ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டான். நான் அந்த வாரமே மின்துறை அலுவலகத்துக்குப் போய், விஷயத்தைச் சொல்லித் தலைகுனிந்து நின்று, கம்பங்களின் பட்டியலை வாங்கினேன். ஒவ்வொரு கம்பத்திலும் எங்கள் பெயரை அழித்து, அந்த இடத்தில் எண்ணை எழுதினோம். தலைவர் ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

எல்லாம் முடிந்த பிறகு, மச்சானைக் கூட்டிக்கொண்டு கட்டுப்பாட்டு அறைக்குப் போனேன். நேரில் நன்றி சொல்ல வேண்டும் என்று அவன்தான் ஒற்றைக்காலில் நின்றான். காரில் போகும் வழியெல்லாம் பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தான். மூன்று பக்கம் எழுதி வைத்திருந்தான். நடுவில் இரண்டு இடத்தில் தொண்டை தழுதழுக்க வேண்டும் என்று குறிப்புகூட எழுதியிருந்தான். எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. பிழைத்துவிட்டான் என்பதற்கு அதைவிட நல்ல அத்தாட்சி வேண்டியதில்லை.

அது தாழ்ந்த கூரையுள்ள நீளமான அறை. ஜன்னல் கிடையாது. ஆறு மேசைகள், ஆறு பெண்கள், எல்லோர் காதிலும் ஹெட்போன். ஒரே நேரத்தில் நாலைந்து குரல்கள், எல்லாமே தணிந்த குரல்கள், எங்க இருக்கீங்க, எங்க இருக்கீங்க என்று கேட்டுக்கொண்டிருந்தன. எங்களைக் கூட்டிப்போன காவலர் அவர் மேசையருகே நிறுத்தினார். அவர் ஓர் அழைப்பை முடித்துவிட்டு நிமிர்ந்தார். என்னை அடையாளம் கண்டுகொண்டார். பக்கத்தில் நிற்பவன் யார் என்று தெரியவில்லை. எப்படித் தெரியும்? அன்றைக்கு அந்த அறையில் எழுந்து நின்ற ஆளின் முகம் வேறு, இப்போது இளைத்துக் கறுத்து நிற்கிற முகம் வேறு.

"இவர்தான் மேடம்" என்றேன். "பொழச்சுட்டார்."

அவர் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார். அவனையே பார்த்தார். நான் என்னவோ சொல்லத் தொடங்கினேன், அவருக்குக் கேட்டதாகத் தெரியவில்லை.

"ஆம்புலன்ஸ்ல ஏத்தியாச்சுன்னா எங்க வேல முடிஞ்சுது" என்றார் மெதுவாக. "அதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னு எங்களுக்கு யாரும் சொல்ல மாட்டாங்க. அடுத்த போன் வந்துரும். பதினாலு வருஷத்துல ஒருத்தர் இப்படி வந்து நின்னது இதுதான் முதல் தடவ."

மச்சான் பையிலிருந்து காகிதத்தை எடுத்தான். பிரித்தான். வாயைத் திறந்தான். ஒரு எழுத்துகூட வரவில்லை. நாலாயிரம் பேர் முன்னால் மைக்கைப் பிடித்து மணிக்கணக்கில் பேசுகிறவன், காகிதத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அதிகாரி எழுந்து, பக்கத்து மேசைப் பெண்ணின் தோளைத் தொட்டு அவனைக் காட்டினார். அவள் அடுத்தவளைத் தொட்டாள். அழைப்பில் இல்லாதவர்கள் ஒவ்வொருவராக ஹெட்போனைக் கழற்றிவிட்டு எழுந்து வந்தார்கள். அழைப்பில் இருந்தவர்கள் பேசிக்கொண்டே நாற்காலியைத் திருப்பிக்கொண்டார்கள். நாள் முழுக்கக் காதில் குரலாக மட்டுமே வந்து போகிற மனிதர்களில் ஒருவன், கை கால் முகத்தோடு, செருப்புப் போட்டுக்கொண்டு தங்கள் முன்னால் நிற்பதை அவர்கள் நம்ப முடியாதவர்களைப்போல் பார்த்தார்கள். அவர்களில் மூத்தவள் கையை நீட்டி அவன் சட்டைக் கையைத் தொட்டுப் பார்த்தாள்.

மச்சான் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். தலையைக் குனிந்துகொண்டு, அந்த ஆறு பெண்களுக்கு முன்னால், எதுவும் செய்யாமல் மூச்சு விட்டுக்கொண்டு நின்றான். ஒரு மேசையில் போன் அடிக்கும் வரைக்கும் அவர்கள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.